தொப்பி கேட்காத வால்வு ஆம்ப்

கீழக்கரை வாசகர் ஒருவரின் கேள்வி: "பத்தாயிரம் ரூபாய்க்குள் ஆன்லைனில் வால்வு ஆம்ப் வருகிறது. வாங்கலாமா? நம்ம கடற்கரையில் ஐப்பசி மழை வந்தால் கரகரக்கும் என்கிறார்களே, நிஜமா?"

நிஜம்தான். ஆனால் அதற்கு முன்னால், வாங்கப்போவது நிஜமான வால்வு ஆம்ப்தானா, அதாவது கண்ணாடிக் குழல் வால்வுகளே ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையரா என்று பாருங்கள். 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் குட்டிப் பெட்டிகளில் முன்னால் நிற்கும் வால்வு பெரும்பாலும் பேருக்குத்தான் வேலை செய்யும். ஸ்பீக்கரை ஓட்டுவது உள்ளே இருக்கும் கிளாஸ்-டி என்ற ரக ஆம்ப்ளிஃபையர் சிப். வால்வுக்கு அடியில் ஆரஞ்சு எல்.இ.டி. வைத்து மினுக்கியிருப்பார்கள். அது கெட்ட பெட்டி என்று சொல்லவில்லை, ஆனால் அதற்கு வால்வு ஆம்ப் விலை கொடுக்க வேண்டாம்.

உண்மையான வால்வு ஆம்பில் நடப்பது பள்ளிப் பாடம்தான். இழை சூடேற்ற, கேத்தோடு எலெக்ட்ரான்களைக் கக்கும். 250 வோல்ட் ஆனோடு அவற்றை இழுக்கும். இரண்டுக்கும் நடுவே அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் லீ டி ஃபாரஸ்ட் 1906-ல் நுழைத்த கிரிட் கம்பி வாய்க்கால் மடை மாதிரி. மலிவு ஆம்ப்களில் அதிகம் காணும் ஈ.எல்.84 வால்வில், கேத்தோடைவிட 7 வோல்ட் சொச்சம் தாழ்ந்து நிற்கும் கிரிட், 48 மில்லி ஆம்பியர் ஓட்டத்தை ஆட்டிவைக்கும்.

இங்கேதான் ஒரு பொருத்தமின்மை. வால்வு கொடுப்பது உயர்ந்த வோல்ட்டேஜும் கொஞ்சூண்டு கரண்ட்டும்; 8 ஓம் ஸ்பீக்கருக்கு வேண்டியது நேர்மாறு. இருவருக்கும் சம்பந்தம் பேசி முடிப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். வால்வு பக்கச் சுருளான பிரைமரியில் 25 சுற்றுக்கு, ஸ்பீக்கர் பக்கச் சுருளான செகண்டரியில் ஒரு சுற்று என்றால், வோல்ட்டேஜ் 25 மடங்கு குறையும், கரண்ட் 25 மடங்கு கூடும். ஆக மின்தடை 625 மடங்கு மாறித் தெரியும். வால்வின் பக்கம் நின்று பார்த்தால் அந்த 8 ஓம் ஸ்பீக்கர் 5,000 ஓமாகக் காட்சி தரும். ஈ.எல்.84 கேட்பதும் ஏறக்குறைய அதைத்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒற்றை வால்வு அமைப்பில் அந்த 48 மில்லி ஆம்பியர் பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் பிரைமரி வழியே ஒரே திசையில் பாய்ந்துகொண்டே இருக்கும். சுருள்களுக்கு நடுவிலுள்ள இரும்பு அந்தப் பக்கமே காந்தமேறிக் கிடக்கும். அதனால் வைண்டிங் செய்பவர்கள் ஸ்டாம்பிங் எனும் இரும்புத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்காமல், ஈ வடிவத் தகடெல்லாம் ஒருபுறம், ஐ வடிவத் தகடெல்லாம் மறுபுறம் வைத்து நடுவில் ஒரு காகிதத்தைச் செருகுவார்கள். அந்த இடைவெளி இரும்பைத் தெவிட்டாமல் காக்கும். கூடவே இண்டக்டன்ஸையும், அதாவது மாறும் கரண்ட்டைச் சுருள் தடுக்கும் திறனையும், தின்னும். தின்றதை மீட்க இரும்பும் செம்பும் கூடுதலாக வேண்டும். காசு மிச்சம் பிடிக்கும் கம்பெனி கைவைப்பது சரியாக இங்கேதான்.

விளைவு காதில் கேட்கும். அதே வோல்ட்டேஜில் அதிர்வெண் பாதியானால் இரும்பு சுமக்க வேண்டிய காந்தப்பாயம் இரட்டிப்பாகும். 1,000 ஹெர்ட்ஸ் குரலுக்குத் தீப்பெட்டி அளவு இரும்பே போதும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி 100 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கும்போது அதே இரும்பு மூச்சுத் திணறும். இண்டக்டன்ஸ் 10 ஹென்றிதான் என்றால் 50 ஹெர்ட்ஸில் அதன் தடை 3,140 ஓம். ஸ்பீக்கருக்குப் போகவேண்டிய கரண்ட்டில் பெரும்பங்கு அந்தச் சுருளிலேயே சுற்றித் திரும்பிவிடும். வலப்பக்கமான வலந்தலை கணீரென்று கேட்கும், தொப்பி அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் இருக்கும். ஆகவே ஸ்பெக் ஷீட்டில் முதலில் எடையைத் தேடுங்கள். இரண்டு சேனல் ஈ.எல்.84 ஆம்ப் ஐந்து கிலோவுக்குக் கீழே என்றால் எனக்குச் சந்தேகம்தான். தங்க முலாம் பூசிய பவர் கார்டுக்குச் செலவழிப்பது திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பதற்குச் சமம். அதிலாவது பூசணிக்காய் விலை குறைவு.

வால்வின் இனிமை மட்டும் பிரமை இல்லை. அது கூட்டும் பிழையில் கணிசமானது இரண்டு மடங்கு அதிர்வெண், அதாவது மேல் ஷட்ஜம். பிழைதான், ஆனால் சுருதியோடு சேர்ந்த பிழை.

இனி கரகரப்பு. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையும். வாலிநோக்கம் முதல் தொண்டி வரை காற்றிலேயே உப்பு இருக்கிறது. ஆம்ப் ஓடாமல் கிடந்தால் வால்வு சாக்கெட்டில் உப்புப் படலம் படிந்து, மழைக்காலத்தில் நனைந்து கரண்ட் கடத்தும். முன்வரிசை வால்வான ஈ.சி.சி.83-ல் ஒன்றாம் பின் ஆனோடு, இரண்டாம் பின் கிரிட். 150 வோல்ட் சொச்சத்துக்கும் உணர்வுமிக்க கிரிட்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான். அங்கே ஊறும் மைக்ரோ ஆம்பியர்கள்தான் அந்தப் பொரிகிற சத்தம். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபம் ஊரில் கடற்காற்றின் அரிமானத்தை ஆராய்ந்துவருகிறது. ராக்கெட் போலப் படமெடுக்கத் தோதில்லாத வேலை. மீன்பிடிப் படகு எஞ்சின் முதல் பாம்பன் பாலம் வரை பணம் மிச்சப்படுத்தும் அதற்கு இன்னும் தாராளமாக நிதி ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

சுத்தம் செய்யும் முறை: பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியே இறக்குங்கள். மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகே கை வையுங்கள். 300 வோல்ட் விளையாட்டில்லை. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பிரஷ்ஷால் சாக்கெட்டையும் பின்களையும் தேய்த்து, வால்வை நாலைந்து முறை செருகி எடுங்கள். நன்றாகக் காயவிட்டு, ஸ்பீக்கரை மாட்டிய பிறகே ஆன் செய்யுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் பாட்டு ஓடினால் பிரைமரியில் எகிறும் வோல்ட்டேஜ் டிரான்ஸ்ஃபார்மரையே துளைத்துவிடும். 220 வோல்ட்டுக்குச் சுற்றிய ஆம்ப் என்றால், நம் வீட்டு மின்சாரம் அதைவிடக் கூடுதல் என்பதால், ஈ.எல்.84-ன் இழைக்கான 4, 5 பின்களுக்கு நடுவே ஏ.சி. வோல்ட்டேஜை அளந்துகொள்ளுங்கள். 6.3 இருக்கவேண்டும், 6.9-ஐத் தாண்டினால் வால்வின் ஆயுள் குறையும்.

துடைத்தும் அடங்காமல், ஈ.எல்.84-ன் ஆனோடுத் தகடு மங்கலாகச் சிவந்தால் உடனே அணையுங்கள். இழையின் ஆரஞ்சு ஒளி இயல்பு, தகடு சிவப்பது ஆபத்து. ஈ.சி.சி.83-க்கும் ஈ.எல்.84-க்கும் நடுவிலுள்ள 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் கசிகிறதா பாருங்கள்: வெறும் 10 மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலும், 470 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரில் 4.7 வோல்ட் பாசிட்டிவ் ஏறி மடை திறந்துகொள்ளும். 400 வோல்ட் பாலிபுரொப்பிலின் ரகத்தில் புதிதாக ஒன்று போட்டால் தகடு மறுபடி கறுப்பாகிவிடும்.