ரப்பரை மாற்றினால் பாட்டு மாறுவது ஏன்?

மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது கனத்த ஒலி தரும் இடப்பக்கத்தில், விழும் ‘தொம்’ கேட்கவே இல்லை. வலந்தலையின் ‘நம்’ மட்டும் தகரத்தில் தட்டியதுபோல் வந்துகொண்டிருந்தது. புதிதாக வாங்கிய ஒயர் இயர்போன். இரண்டு நாள் கேட்டுவிட்டு, கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தேன். பெட்டிக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் காதுக்குள் செருகும் முனைக்கு மாட்டும் ரப்பர் இன்னும் இரண்டு ஜோடி கிடந்தது. பெரிய ஜோடியை மாட்டிக் கேட்டேன். அதே பாட்டு, அதே போன், வால்யூமைக்கூடத் தொடவில்லை. தொப்பி வந்துவிட்டது. கூடவே தம்புராவின் ரீங்காரமும் வந்தது. அந்தப் பதிவில் தம்புரா இருந்ததே அதுவரை எனக்குத் தெரியாது.

சில ரூபாய் பெறும் சிலிக்கான் துண்டு எப்படி இதைச் செய்தது?

சைக்கிள் பம்பின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை மெதுவாக அழுத்திப் பாருங்கள். உள்ளே காற்று திமிறுவது கையில் தெரியும். விரலைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு அதேபோல் அழுத்தினால், காற்று புஸ்ஸென்று ஓரமாகக் கசிந்துவிடும். கைப்பிடி எதிர்ப்பே இல்லாமல் இறங்கும். இப்போது அதே கசிவை வைத்துக்கொண்டு கைப்பிடியைப் படபடவென்று ஆட்டுங்கள். வெளியேற நேரம் போதாமல் காற்று உள்ளே அழுந்தத்தான் செய்யும்.

இயர்போனுக்குள் இருக்கும் சவ்வுதான் அந்தக் கைப்பிடி. சவ்வுக்கும் செவிப்பறைக்கும் நடுவே அடைபட்டிருக்கும் காற்று ஒன்றிரண்டு கன சென்டிமீட்டர்தான், அரை டீஸ்பூன்கூடத் தேறாது. வீட்டு ஸ்பீக்கர் கூடத்துக் காற்றையெல்லாம் அசைக்க வேண்டும் என்பதால் பாஸ் என்னும் கனத்த கீழ்ச்சுருதி ஒலிக்குத் தட்டு போன்ற பெரிய கூம்பு தேவைப்படுகிறது. இயர்போனுக்கு இந்த அரை டீஸ்பூன் காற்றை அழுத்தினால் போதும், 10 மில்லிமீட்டர் சவ்வு நூலளவு அசைந்தாலே ஆழமான பாஸ் கிடைத்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை, காற்று கசியக் கூடாது. 50 ஹெர்ட்ஸ் ஒலி என்பது நொடிக்கு 50 முறை மட்டும் நடக்கும் மெதுவான அழுத்தம். ரப்பருக்கும் காதுச் சுவருக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும் அது வழியிலேயே கசிந்துபோகும். 5,000 ஹெர்ட்ஸ் ஒலி படபடவென்ற ஆட்டம், இடைவெளியை அது சட்டை செய்வதில்லை. என் காதில் தொப்பி போய் வலந்தலை மட்டும் நின்றது இதனால்தான்.

இயர்போன்களை ஒப்பிட இணையத்தில் வரைபடக் கோடுகள் போடுகிறார்கள். அவை உலோகத்தால் செய்த செயற்கைக் காதில் அளந்தவை. அந்தக் காது உருண்டையான, நேரான குழாய். கசிவில்லாமல் பொருத்தித்தான் அளப்பார்கள். நம் காது அப்படியா இருக்கிறது?

பெரியவர்களின் காதுக்குழாய் சுமார் 25 மில்லிமீட்டர் நீளம், 7 மில்லிமீட்டர் அகலம். நேராகப் போகாமல் ‘எஸ்’ எழுத்துபோல் வளைந்து போகிறது. குறுக்குவெட்டும் வட்டமில்லை, கொஞ்சம் நசுங்கிய நீள்வட்டம். வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு; அமுக்கினால் வளைந்து கொடுக்கும். மீதி மூன்றில் இரண்டு பங்கு கெட்டி எலும்பு, அதன்மேல் காகிதம்போல் மெல்லிய தோல். பேசினாலும் மென்றாலும் தாடை அசைந்து குருத்தெலும்புப் பகுதியின் வடிவம் மாறும். மிக்சர் கொறித்துக்கொண்டே பாட்டுக் கேட்டால் பாஸ் வந்து வந்து போவது அதனால்தான். இடக்காதும் வலக்காதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இந்தக் குழாய்க்கு ஒரு சொந்தச் சுருதியும் உண்டு. பள்ளிக்கூடத்தில் பேனா மூடியை உதட்டில் வைத்து ஊதி விசிலடித்திருப்பீர்கள். ஒரு பக்கம் மூடிய குழாய், தன் நீளத்துக்குத் தக்க ஒரு சுருதியில் ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். காதுக்குழாயும் செவிப்பறையால் ஒரு பக்கம் மூடிய பேனா மூடிதான். அதன் சுருதி 3,000 ஹெர்ட்ஸ் பக்கம். காது மடலின் குழிவும் சேர்ந்துகொள்ள, அந்த இடத்தில் ஒலி 15 டெசிபல் அளவுக்கு உயர்ந்தே செவிப்பறையை அடைகிறது. பேச்சு தெளிவாக விளங்கத் தேவையான ஒலிகள் நிறைந்த இடம் அது. சிறு வயதிலிருந்தே மூளை இந்தத் தூக்கலோடுதான் உலகைக் கேட்டுப் பழகியிருக்கிறது.

இயர்போனைச் செருகியதும் குழாயின் திறந்த வாயும் மூடிக்கொள்கிறது. இரண்டு பக்கமும் மூடிய குழாய்க்கு வேறு சுருதி. பழைய தூக்கல் காணாமல் போய், 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் புதிதாக ஒன்று முளைக்கிறது. ஆகவே நல்ல இயர்போனைச் செய்பவர் இழந்த தூக்கலைத் தன் கருவிக்குள்ளேயே திரும்பச் சேர்க்க வேண்டும். காதுகேள் கருவித் துறையிலிருந்து வந்த அமெரிக்கர் மீட் கில்லியன் இந்தக் கணக்கை முறையாகப் போட்டவர்களில் முக்கியமானவர். அவருடைய எடிமோடிக் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட ஈஆர்-4, மூன்றடுக்குக் குடை ரப்பரோடு காதுக்குள் ஆழமாகப் போய் உட்காரும். அதிலிருந்த ஒலிப்பான், காதுகேள் கருவிகளில் பயன்படும் சின்னஞ்சிறு ஆர்மேச்சர் வகை: காந்தங்களுக்கு நடுவே ஒரு உலோக நாக்கு ஆடும், அதோடு இணைத்த தகடு காற்றைத் தள்ளும். இப்போது சவ்வு, ஆர்மேச்சர் என இரண்டு வகைகளையும் ஒரே கூட்டில் அடைத்து, எத்தனை ஒலிப்பான் இருக்கிறது என்பதை அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிடுகிறார்கள். அந்த எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சுருதியைச் சரியாகக் கூட்டிய ஒற்றைச் சவ்வு, சரியாகக் கூட்டாத எட்டு ஒலிப்பான்களைவிட நன்றாகவே பாடும்.

புதிய தூக்கலின் இடம், எவ்வளவு ஆழமாகச் செருகுகிறோம் என்பதைப் பொறுத்து நகரும். பாட்டில் ‘ஸ’ வரும்போதெல்லாம் ஊசி குத்துவதுபோல் இருந்தால், இயர்போனை இன்னும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் பாருங்கள். மிச்சமிருக்கும் குழாய் குறுகக் குறுகத் தூக்கல் மேலே ஏறி உறுத்தாத இடத்துக்குப் போய்விடக்கூடும்.

ஆனால் ஆழமாகப் போனால் வலிக்குமே என்றால், ஆம், சிக்கலே அங்கேதான். செருகியபடி வாயை மூடிக்கொண்டு ‘ம்…’ என்று முனகிப் பாருங்கள். குரல் தலைக்குள் குடத்தில் பேசுவதுபோல் முழங்கும். குரலின் அதிர்வு எலும்பு வழியாக வந்து குருத்தெலும்புச் சுவரை ஆட்டுகிறது. திறந்த காதில் வெளியே போய்விடும் அந்த ஒலிக்கு இப்போது போக்கிடம் இல்லை. ரப்பர் எலும்புப் பகுதிவரை போய் அடைத்தால் முழக்கம் குறையும், ஆனால் அந்த மெல்லிய தோல் அழுத்தத்தைத் தாங்காது. சிலருக்குக் காதுக்குள் எதைச் செருகினாலும் இருமல் வரும். தொண்டைக்கும் போகும் வேகஸ் நரம்பின் கிளை ஒன்று காதுக்குழாய்த் தோலுக்கு வருகிறது, அதைத் தீண்டினால் மூளை தொண்டையில் ஏதோ சிக்கியதாக எடுத்துக்கொள்கிறது. இதில் பயப்பட ஒன்றுமில்லை.

ஒயருக்கும் ஒரு சேட்டை உண்டு. சட்டைப் பொத்தானில் உரசினால் ‘தொர் தொர்’ என்று காதுக்குள் கேட்கும். மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப் குழாய்போல் ஒயரே உரசலை மேலே ஏற்றுகிறது. ஒயரைக் காது மடலுக்கு மேலாகச் சுற்றிப் பின்பக்கம் விட்டால் அதிர்வு மடலிலேயே அடங்கிவிடும். மேடைப் பாடகர்கள் அப்படித்தான் மாட்டியிருப்பார்கள். கனமும் மடலில் தொங்குவதால் ரப்பர் வெளியே இழுபடாது, அடைப்பும் கெடாது.

அடைப்பு நன்றாக அமைந்தால் செவிக்கும் லாபம். பேருந்து இரைச்சல் உள்ளே வராவிட்டால் அதை வெல்ல வால்யூமைக் கூட்ட வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும்; 89 டெசிபல் என்றால் வாரத்துக்கு 5 மணி நேரம்தான். அதே அடைப்பு ஹாரன் சத்தத்தையும் மறைக்கும், சாலையைக் கடக்கும்போது கழற்றிவிடுங்கள்.

செருகும் முறை எளிது. எதிர்ப்பக்கக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்த குழாய் நிமிரும். அந்த நேரத்தில் இயர்போனை லேசாகத் திருகியபடி உள்ளே விட்டு, மடலை விடுங்கள். ஃபோம் வகையானால் முதலில் விரல்களுக்கிடையே உருட்டி ஒல்லியாக்கி, செருகியபின் அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்துவிட்டால், பழுது என்று தூக்கிப் போடுமுன் முனையிலுள்ள வலையை வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பாலும் குரும்பி அடைத்திருக்கும். இயர்போனின் முனையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு காய்ந்த பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தட்டித் துடைத்தால் உதிரும். ஊசியால் குத்தினால் அழுக்கு உள்ளே போய்ச் சவ்வில் ஒட்டும்.

நான் அந்த இயர்போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பெரிய ரப்பர் ஒரு மணி நேரத்தில் இடக்காதை வலிக்கச் செய்தது. அந்தக் காதுக்கு மட்டும் நடு அளவை மாட்டினேன். பாஸ் குறையவில்லை, வலி நின்றது. இப்போது வலக்காதில் பெரியது, இடக்காதில் நடுத்தரம். தனி ஆவர்த்தனம் முடியும்வரை கழற்றத் தோன்றுவதில்லை.