பெருஞ்செவ்வணுச் சோகை

ரத்தச் செவ்வணுக்கள் பெருத்திருக்கும் ரத்தசோகையைக் குறிக்க ரத்தப் பரிசோதனை முடிவில் வரும் 'மேக்ரோசைட்டிக் அனீமியா' கிரேக்க வேர்களால் ஆன தொடர். 'மக்ரோஸ்' நீண்டது, பெரியது. 'கைட்டோஸ்' உள்ளீடற்ற கலம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் உயிரணுவைக் 'கலம்' என்றே எழுதுவது இங்கே அழகாகப் பொருந்துகிறது. 'அன்' இன்மை, 'ஹைமா' குருதி.

தமிழில் 'பேரணுச் சோகை' என்றும் எழுதலாம். ஆனால் அணு என்றதும் இயற்பியல் அணுதான் பலருக்கு நினைவில் எழும். 'பெருஞ்செவ்வணுச் சோகை' நீளமானாலும் எது பெருத்தது என்று சொல்லிவிடுகிறது. இரும்புச்சத்துக் குறைவில் அணுக்கள் சிறுத்துப்போகும். அது சிறுசெவ்வணுச் சோகை. சோகை என்றாலே இரும்பு மாத்திரை என்று நினைப்பவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்தாக வேண்டும்.

செவ்வணுவின் சராசரிப் பருமனை எம்.சி.வி. என்பார்கள். பெரியவர்களுக்கு அது ஏறத்தாழ 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் (லிட்டரின் மிக நுண்ணிய பின்னம்) வரை இருக்கும். 100-ஐத் தாண்டி, ஹீமோகுளோபினும் குறைந்திருந்தால் இந்தப் பெயர். ஆக, பெயர் அளவைத்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. காரணத்தைத் தனியே தேட வேண்டும்.

முதலில் தேடவேண்டியவை வைட்டமின் பி12, ஃபோலேட் (இன்னொரு பி வைட்டமின்) ஆகியவற்றின் குறைபாடுகள். இவை இல்லாமல் டி.என்.ஏ. உருவாக்கம் தடுமாறும். எலும்பு மஜ்ஜையில் உட்கரு முதிராமல் பின்தங்க, அணுவின் உடல் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். உணவில் பி12 போதாமல் போகலாம். போதுமான அளவு உண்டும் குடல் உறிஞ்சாமல் போகலாம். இரைப்பை சுரக்கும் 'உள்ளார்ந்த காரணி' என்ற புரதம் அற்றுப்போனால் நேர்வது இரண்டாவது வகை. மது, கல்லீரல் நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, மீத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள், மஜ்ஜை நோய்கள் ஆகியவையும் அணுவைப் பெரிதாக்கும்.

உள்ளார்ந்த காரணி அற்றுப்போவதால் வரும் சோகை ஒரு காலத்தில் உயிர்க்கொல்லி. நிறைய ஈரல் உண்ணக் கொடுத்தால் நோயாளிகள் தேறுவதை 1926-இல் அமெரிக்க மருத்துவர்கள் மைனாட்டும் மர்ஃபியும் காட்டினார்கள். 1934-இல் விப்பிள் என்ற ஆய்வாளருடன் நோபல் பரிசு பெற்றார்கள். ஈரலில் இருந்த பொருள் பி12 என்பது 1948-இல்தான் பிரித்தெடுக்கப்பட்டுத் தெரிந்தது.

இன்று பி12 ஊசியாகவோ மாத்திரையாகவோ தரப்படுகிறது; ஃபோலேட் குறைவுக்கு அதன் மருந்து வடிவமான ஃபோலிக் அமிலம் மாத்திரையாகத் தரப்படுகிறது. மற்றவற்றில் அடிப்படையான நோய்க்கே சிகிச்சை. ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பி12 குறைவை அறியாமல் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறியதுபோலத் தெரியும், நரம்புச் சிதைவோ உள்ளுக்குள் தொடரும். கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, மறதி ஆகியவை அதன் அறிகுறிகள். அதனால்தான் மருத்துவர்கள் முதலில் பி12 அளவைப் பார்க்கிறார்கள்.