8,5 எப்படி 850 ஆகிறது?

மறுபடியும் ரீயூனியன் தீவின் தலைநகர் சேன் தெனியில் (Saint-Denis) ஒரு கடையின் பில்லில் வரி விகிதம் "850,0 %" என்று அச்சாகியிருக்கிறது. இந்தப் பிரெஞ்சுத் தீவில் மதிப்புக் கூட்டு வரி 8.5 விழுக்காடு, சலுகை விகிதம் 2.1. பிரெஞ்சு முறையில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி, அதனால் 8.5 என்பது 8,5 என்று அச்சாகும். கணக்கு சரியாகத்தான் போட்டிருந்தது, அச்சான விகிதம் மட்டும் தவறு.

தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்: டாட்நெட்டில் (மைக்ரோசாஃப்டின் மென்பொருள் உருவாக்கத் தளம்) விழுக்காட்டு வடிவம் என்பது எண்ணுக்குப் பின்னால் ஒட்டும் குறி அல்ல. "பி1" (P1, ஒரு தசம இடத்துடன் விழுக்காடு) என்று கொடுத்தாலும் "0.0%" என்று கொடுத்தாலும் அது முதலில் 100-ஆல் பெருக்கும், பிறகுதான் குறியைப் போடும். 0.085 கொடுத்தால் 8,5 % வரும். 8.5 கொடுத்தால் 850 தான் வரும். அது பிழை அல்ல, நீங்கள் கேட்டது அதைத்தான். 8.5 என்றே சேமித்து வைத்திருந்தால் "0.0\%" என்று எழுதுங்கள், சாய்கோடு இருந்தால் பெருக்காது. டாட்நெட்டின் நிரல்மொழியான சி ஷார்ப்பின் சாதாரண மேற்கோளுக்குள் அந்தச் சாய்கோட்டை இரண்டு முறை இட வேண்டும். காட்டும் இடத்தில் 100-ஆல் வகுத்து ஒப்பேற்றாதீர்கள். அடுத்த திரையை எழுதுபவர் மறுபடி வகுப்பார்.

தசம இடமே இல்லாத "பி0" வேண்டவே வேண்டாம். 20 விழுக்காட்டை மட்டும் வைத்துச் சோதித்தால் எதுவும் தெரியாது. இங்கே 8,5 என்பது 9 ஆகும், 2,1 என்பது 2 ஆகும்.

இதைவிட ஆபத்தானது உள்ளீடு. பிரெஞ்சு விசைப்பலகையின் எண் பகுதியில் புள்ளிதான் விழும். கடைக்காரர் 8.5 என்று அடிக்க, பிரெஞ்சு அமைப்பு (எண்களை அந்நாட்டு முறையில் படிக்கும் டாட்நெட் அமைப்பு) ஏற்காமல் பிழை காட்டும். உடனே சிலர் நாடு சாராத பொது அமைப்புக்கு மாற்றிவிடுகிறார்கள். அங்கே காற்புள்ளி ஆயிரப் பிரிப்பான். "8,5" என்று அடித்தால் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் 85 ஆகிவிடும். 100 யூரோ சரக்குக்கு 85 யூரோ வரி! விழுக்காட்டுக் கட்டத்தில் ஆயிரப் பிரிப்பானுக்கு வேலையே இல்லை, அதை அனுமதிக்காதீர்கள். % குறியையும் இடைவெளியையும் நீக்குங்கள், புள்ளியைக் காற்புள்ளியாக்குங்கள், பிரெஞ்சு அமைப்பில் படியுங்கள், அங்கேயே ஒரே ஒரு முறை 100-ஆல் வகுங்கள். எண்ணின் வகை, தசமங்களைத் துல்லியமாக வைக்கும் டெசிமல் ஆக இருக்கட்டும். தோராயமாக வைக்கும் டபுள் வகையில் 0.29-ஐ 100-ஆல் பெருக்கி முழு எண்ணாக வெட்டினால் 28 தான் மிஞ்சும். பொது அமைப்பு கோப்புகளுக்கு மட்டும்.

டபிள்யூ.பி.எஃப் (WPF, விண்டோஸ் திரைகளை அமைக்கும் டாட்நெட் பகுதி) திரையில் மட்டும் 8.5 என்று புள்ளி வந்தால் விண்டோஸைக் குறை சொல்லாதீர்கள். அங்கே பைண்டிங்கின் (தரவைத் திரையோடு இணைப்பது) மொழி, நீங்கள் மாற்றாத வரை, அமெரிக்க ஆங்கிலம். செயலி தொடங்கும்போதே லாங்குவேஜ் பண்பைப் பயனரின் மொழிக்கு மாற்றுங்கள்.

திருத்திய பதிப்பை அனுப்பும் முன் தரவுத்தளத்தில் 1-க்கு மேற்பட்ட வரி விகிதங்களைத் தேடிப் பாருங்கள். பாதி வரிசைகளில் 0.085, மீதியில் 8.5 என்று கலந்து கிடந்தால், சரியான நிரலும் தவறான பில்லைத்தான் அச்சிடும்.