டாலஸ், டாரன்ட் கவுண்டிகள்: மாநகர எல்லை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

நிலவரைபடத் தரவுகளைக் கையாளும் தொழிலில் இருப்பதால், அமெரிக்காவின் டெக்சாஸில் அருகருகே உள்ள டாலஸ் கவுண்டியும் (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஃபோர்ட் வொர்த் அமைந்துள்ள டாரன்ட் கவுண்டியும் ஏன் இவ்வளவு வேறுபட்டு வாக்களிக்கின்றன என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். 2020 அதிபர் தேர்தலில் டாலஸ் கவுண்டியில் பைடன் ஏறத்தாழ 65 விழுக்காடு பெற்றார். டாரன்ட்டிலோ, பதிவான எட்டு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் அவர் முந்தியது 2,000-க்கும் குறைவான வாக்குகளால்தான். 2024-இல் டாரன்ட் டிரம்ப்புக்குத் திரும்பியது.

'டாலஸ் பெருநகரம், அதனால்தான்' என்பது வழக்கமான விடை. மக்கள்தொகை அதற்கு இடம் தரவில்லை. 2020 கணக்கெடுப்பின்படி டாலஸ் கவுண்டியில் 26 லட்சம் பேர், மாநகரில் 13 லட்சம் பேர். டாரன்ட்டில் 21 லட்சம் பேர், ஃபோர்ட் வொர்த்தில் 9.2 லட்சம் பேர். அந்த மாநகர எண்களிலும் ஒரு பகுதியினர் டென்டன், காலின் போன்ற அண்டைக் கவுண்டிகளில் வசிப்பதால், அவர்களுடைய வாக்குகள் அங்கேதான் சேரும். ஆக, இரு கவுண்டிகளிலும் ஏறத்தாழ பாதிப் பேராவது மையநகருக்கு வெளியே இருக்கிறார்கள். வேறுபாட்டைப் பெரிதாக்குவது அந்தப் புறநகர்களே என்பது என் கருத்து. டாலஸ் பக்கம் கார்லண்ட், மெஸ்கீட், இர்விங் ஆகியவற்றில் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் (லத்தீன் அமெரிக்க வழிவந்தோர்) பெருந்தொகையினர். டாரன்ட்டின் வடகிழக்கில் சவுத்லேக், கெல்லர், காலிவில் ஆகியவை குடியரசுக் கட்சிக்கு உறுதியான வசதிபடைத்த ஊர்கள்.

எல்லைகளின் கோணல் வேறு கதை. 1913-இல் தனி ஊரான ஹைலண்ட் பார்க்கும் 1924-இல் தனி ஊரான யூனிவர்சிட்டி பார்க்கும் டாலஸால் முழுதும் சூழப்பட்டிருந்தும் அதில் சேரவில்லை. டாரன்ட்டின் ஆர்லிங்டன் நகருக்குள் பான்டிகோ என்ற சிற்றூர் அப்படி நிற்கிறது. கிழக்கே ரே ஹப்பர்ட் ஏரியின் வழியாக டாலஸின் எல்லை ராக்வால் கவுண்டி வரை நீள்கிறது.

வாக்குச்சாவடிப் பகுதிகளின் முடிவுகளை நகர எல்லையோடு பொருத்துவோர் கவனிக்க வேண்டியது இங்குதான் இருக்கிறது. எல்லை ஊடுருவும் ஒரு பகுதியின் வாக்குகளை மென்பொருள் நிலப்பரப்பு விகிதத்தில் பிரிக்கும்போது, ஏரித் தண்ணீருக்கும் வாக்குகள் கிடைத்துவிடும்! கணக்கெடுப்பின் மிகச்சிறு அலகான 'பிளாக்' அளவில் வயதுவந்தோர் எண்ணிக்கையைக் கொண்டு பிரித்தால் இந்தப் பிழை பெருமளவு குறையும். வாக்காளர் பட்டியலின் முகவரிகளைக் கொண்டு பிரித்தால் இன்னும் நம்பகமாக இருக்கும்.