மொண்ணை வாளும் கையை அறுக்கும்

இடது பெருவிரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஒரு மாணவர் என் ஜப்பானிய வாள்கலை வகுப்புக்கு வந்தார். கேட்டால், "வெங்காயம் நறுக்கும்போது பட்டுவிட்டது, சென்செய் (ஆசிரியரே)" என்றார். கத்தி கோடு போட்டதுபோல வெட்டும். இவர் விரலோ பிராண்டிக் கிழித்ததுபோல இருந்தது. சரி, வாளை எடுங்கள் என்றேன்.

நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி, விளிம்பில் அரிசி முனை அளவு ஒரு பள்ளம். வீட்டில், எதிராளியின் வெட்டைத் தாங்கி வழுக்கிவிடும் உகேநாகாஷி என்ற அசைவைப் பழகும்போது ஜன்னல் கம்பியில் பட்டிருக்கிறது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார். பள்ளம் போகவில்லை, சுற்றியிருந்த முலாம்தான் போனது.

இயாய்தோ எனப்படும் இந்தப் பயிற்சி வாள் எஃகு அல்ல, துத்தநாகக் கலவையில் வார்த்து முலாம் பூசியது. காந்தம் ஒட்டாது. ஜப்பானில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி எஃகு வாளுக்குப் பதிவு வேண்டும். கலவை வாளுக்கு வேண்டாம். கூர் கிடையாது என்பதால் புதியவர்கள் இதைப் பொம்மைபோல நினைக்கிறார்கள். அங்கேதான் தவறு.

எஃகு வாளின் விளிம்பு கடினமானது. பலமாக அடிபட்டால் சில்லு பெயர்ந்து விழும், அதை ஹகோபோரே என்பார்கள். துத்தநாகக் கலவை மென்மையானது. அடிபட்ட இடத்தில் உலோகம் நசுங்கிப் பக்கவாட்டில் பிசிறாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மழுங்கிய வாளில் அந்தப் பிசிறு மட்டும் ரம்பப் பல். வாளை உறையில் இடும்போது விளிம்பு மேல்நோக்கியிருக்கும், இடது கை உறையின் வாயைப் பிடித்திருக்கும். பழகாத பெருவிரல் கொஞ்சம் முன்னே நீண்டால், பல் அதைத்தான் தேடி வரும்.

அடிபட்டதும் பயிற்சியை நிறுத்துங்கள். வாளைத் துடைத்து, விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். பஞ்சை வாள்முதுகிலிருந்து விளிம்பை நோக்கி மெல்ல இழுத்தால், பிசிறு இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். விரலால் தடவிப் பார்க்காதீர்கள், அந்தத் தப்பை நானே ஒருமுறை செய்திருக்கிறேன். பள்ளத்தின் அடியிலிருந்து மயிரிழைபோல ஒரு கோடு உள்ளே ஓடுகிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி. ஓடினால் அந்த வாளை இனி வீசக்கூடாது. கலவை உலோகம் வளைந்து எச்சரிக்காது. வேகத்தில் முறிந்து, துண்டு எதிரில் நிற்பவர் பக்கம் பறக்கும். கைப்பிடியைக் குலுக்கிப் பார்த்து, மெகுகி என்ற மூங்கில் ஆப்பு தளரவில்லை என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கோடு இல்லையென்றால், துருத்திய பிசிறை மட்டும் மெல்லிய அரத்தாலோ நைசான சாணைக்கல்லாலோ நீவினால் போதும். பள்ளத்தை மறைக்கிறேன் என்று விளிம்பு முழுக்கத் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். முலாம் போன இடத்தில் உலோகம் கறுக்கும், கூர் வரவும் வராது. கூர் வந்தாலும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதாக உத்தேசம்?

எஃகு வாள் என்றால் கதையே வேறு. அதில் அரம் படவே கூடாது, தோகிஷி என்ற மெருகுக் கலைஞரிடம்தான் போகவேண்டும். இரண்டு பேர் எதிரெதிர் நின்று பழகும் பயிற்சிக்கோ மரவாள் இருக்கிறது, இயாய்தோவை எடுக்கவே வேண்டாம்.

அப்புறம் உறை. இதை யாரும் பார்ப்பதில்லை. ஹோ எனப்படும் ஜப்பானிய மக்னோலியா மரத்தில் செய்த உறையின் உட்புறம் மென்மையானது. பிசிறுள்ள வாள் உள்ளே போகும்போதெல்லாம் அதைச் சுரண்டும். வாய்ப்பகுதி சன்னமாகிக்கொண்டே போனால், ஒருநாள் வாளை உருவும் வேகத்தில் உறை பிளந்து விளிம்பு நேராக உள்ளங்கைக்கு வரும்.

அந்த மாணவரின் வாளில் கோடு இல்லை. பிசிறை நீவி எண்ணெய் பூசினோம், பள்ளம் அப்படியே இருக்கிறது. உறையை வெள்ளைத் தாளின்மேல் கவிழ்த்துத் தட்டச் சொன்னேன். ஒரு சிட்டிகை மரத்தூள் விழுந்தது. அதன் நடுவே ஊசிமுனை அளவு உலோகத் துணுக்கு ஒன்று மின்னியது. "வெங்காயம்?" என்றேன். சிரித்துவிட்டார்.