காலண்டரில் அழித்தால் லிஸ்டிலும் போய்விடும்

"காலண்டரில்தானே அழித்தேன், லிஸ்டில் இருக்கும்ல?"

ஷேர்பாயின்ட் (அலுவலகத் தகவல்களைப் பகிர்ந்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் தளம்) நிர்வாகம் பார்ப்பவர்கள் எல்லோர் காதிலும் இந்தக் கேள்வி விழுந்திருக்கும். போன வாரம் மறுபடியும் வந்தது. ஒரு அலுவலகத்தின் பயிற்சி வகுப்பு லிஸ்ட், அதாவது வரிவரியாகத் தகவல் பதியும் அட்டவணை. காலண்டர் நெரிசலாக இருக்கிறதென்று, முடிந்துபோன வகுப்புகளை ஒருவர் ஒவ்வொன்றாகத் திறந்து டெலீட் செய்திருக்கிறார். ஆடிட்டில் பழைய வகுப்புகளின் விவரம் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

காலண்டர் வியூ, அதாவது லிஸ்டைக் காலண்டராகக் காட்டும் தோற்றம், நகல் அல்ல. தனி ஃபைல் அல்ல. லிஸ்டில் இருக்கும் அதே வரிகளைத் தேதிவாரியாகக் கட்டத்தில் காட்டுகிறது, அவ்வளவுதான். ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல். எந்த வாசல் வழியாகப் பொருளைத் தூக்கி வெளியே போட்டாலும் வீட்டில் அது இருக்காது. காலண்டரில் ஒரு நிகழ்ச்சியை இழுத்துப் போய் அடுத்த நாளில் விட்டால், லிஸ்டில் அந்த வரியின் தேதியும் மாறிவிடும். சும்மா இழுத்துப் பார்த்தேன் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், இதே ஆட்கள் வேண்டாத வியூ ஒன்றை நீக்கச் சொன்னால் பயப்படுவார்கள். வியூவை நீக்கினால் ஒரு வரிகூடப் போகாது. தாராளமாக நீக்கலாம்.

பழையவை கண்ணை உறுத்துகிறதா? வியூவில் ஃபில்டர் போடுங்கள். முடியும் தேதி, 'டுடே'க்குச் சமம் அல்லது அதற்குப் பிந்தையது. முடிந்தது வேலை.

வியூ உருவாக்குவது சில நொடி விஷயம், அதில் யாரும் திணறுவதில்லை. தேதி நெடுவரிசையில்தான் சிக்கல். "15 ஜூன்" என்று சாதாரண உரையாகத் தட்டி வைத்திருந்தால், காலண்டர் வியூ உருவாக்கும்போது தொடக்கத் தேதிக்கு எந்த நெடுவரிசை என்று கேட்கும் இடத்தில் அது வரவே வராது. அங்கே 'கிரியேட்டட்' (வரி பதிவான தேதி) என்பதும் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எல்லா வகுப்பும் ஒரே நாளில் குவிந்து கிடக்கிறது என்று புகார் டிக்கெட் போடாதீர்கள். அன்றுதான் எல்லாவற்றையும் பதிவேற்றியிருப்பீர்கள்.

தளத்தின் நேர மண்டலத்தையும் முதலிலேயே பாருங்கள். நிர்வாகி மாற்றி வைக்காவிட்டால், புதிய தளம் அமெரிக்காவின் பசிபிக் நேரத்தில்தான் பிறக்கும். வகுப்புகளை எல்லாம் பதிந்த பிறகு இந்திய நேரத்துக்கு மாற்றினால், காலை 10 மணி வகுப்பு இரவு 10.30, 11.30 என்று நிற்கும். 'சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி' என்ற வரியைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. நீங்களே உருவாக்கிய லிஸ்டின் காலண்டர் தானாக நினைவூட்டாது. பராமரிப்பு ஒப்பந்தம் காலாவதியாகும் நாளைக் காலண்டரில் போட்டுவிட்டு மெயில் வருமென்று காத்திருக்காதீர்கள். அதற்கு பவர் ஆட்டோமேட்டில் (வேலைகளைத் தானாக நடத்தும் மைக்ரோசாஃப்ட் கருவி) தனியாக ஏற்பாடு வேண்டும்.

தெரியாமல் அழித்துவிட்டால், தயவுசெய்து அன்றே சொல்லுங்கள். திட்ட மாட்டேன். மறுசுழற்சித் தொட்டியில் 93 நாள்தான் இருக்கும். அந்த அலுவலகத்தில் ஒரு பகுதியை மீட்டோம். கெடு தாண்டியவற்றை அவர்கள் பழைய மெயில்களைத் தோண்டி மறுபடி தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

லிஸ்ட் பொறுப்பாளர்களுக்கு: 'மெம்பர்ஸ்' குழுவில் சேர்த்த எல்லோருக்கும் வழக்கமாக அழிக்கும் உரிமையும் சேர்ந்தே போகிறது. வகுப்பு எப்போது என்று பார்க்க மட்டும் வருபவருக்குப் படிக்கும் உரிமை போதும்.