அனீலிங்: காய்ச்சி ஆற்றுதல்

கண்ணாடி வேலையிலும் உலோக வேலையிலும் ஓயாமல் காதில் விழும் சொல் அனீலிங். ஒரு பொருளைச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து, அப்புறம் அவசரப்படாமல் ஆறவிடுவதுதான் அது. தமிழில் எழுதுகிறவர்கள் பலர் இதை 'வெப்பப் பதப்படுத்தல்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. பழுக்கக் காய்ச்சிய எஃகைச் சட்டென்று தண்ணீரில் தோய்ப்பதும் வெப்பப் பதப்படுத்தல்தான். அதுவோ அனீலிங்குக்கு நேர் எதிரான வேலை.

சொல்லின் வேர் பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது. 'ஒன்ஏலன்' என்றால் தீ மூட்டுவது, எரிப்பது. பிறகு அது சூளையில் சுடுவதற்கும் மெருகு ஏற்றுவதற்கும் ஆனது. சுட்டதை மெல்லக் குளிரவிடும் பொருள் பின்னால்தான் வந்து ஒட்டிக்கொண்டது. வேரில் நெருப்பு மட்டும்தான் உண்டு. வேலையின் உயிரே ஆறவிடுவதில் இருக்க, அந்தப் பாதி வேரில் கிடையாது.

நம்மிடம் இருக்கும் 'ஆற்று' அந்தப் பாதியை முழுசாகத் தாங்குகிறது. சூடு ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, புண்ணும் ஆறுகிறது. தணிவதும் குணமாவதும் நமக்கு ஒரே சொல். இது எவ்வளவு பொருத்தம் என்பது சிலிக்கா கண்ணாடியை, அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் மட்டும் சேர்ந்த கண்ணாடியைப் பார்த்தால் விளங்கும்.

ஒரு சிலிக்கான் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் நான்முகியாக, அதாவது நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவின் நான்கு மூலைகளில் நிற்கும். நான்முகிகள் மூலைக்கு மூலை கைகோத்து வலையாகும். குவார்ட்ஸ் படிகத்தில் இந்த வலை ஒழுங்காக இருக்கும். கண்ணாடியில் நான்முகி குலையாது, ஆனால் கைகோக்கும் கோணம் இடத்துக்கு இடம் மாறும். சராசரி சுமார் 144 டிகிரி. உருகிய நிலையிலிருந்து குளிரும்போது எந்தச் சூட்டில் வலை இறுகி நின்றதோ, அந்தச் சூட்டின் அமைப்பே கண்ணாடிக்குள் தங்கிவிடும். சுமார் 1,100 டிகிரி செல்சியசை ஒட்டி வைத்து மெல்ல ஆற்றினால் வலை தளர்ந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பெரும்பாலான கண்ணாடிகள் வேகமாகக் குளிர்ந்தால் அடர்த்தி குறையும். சிலிக்காவோ வேகமாகக் குளிர்ந்தால் சற்றே கூடுதல் அடர்த்தியோடு நிற்கும்.

சரி, இந்தக் கண்ணாடிமேல் அயனிகளை, அதாவது மின்னூட்டம் கொண்ட அணுக்களை, வேகமாக ஏவினால் என்ன ஆகும்? இந்த வேலைக்குக் 'கதிர்ப்பாய்ச்சல்' என்றே எழுத வேண்டும். 'கதிரியக்கம்' என்று எழுதுவது பிழை. கதிரியக்கம் ஒரு பொருளின் அணுக்கரு தானாகச் சிதைவது. கதிர்ப்பாய்ச்சல் வெளியிலிருந்து நாம் செலுத்துவது. பாய்ந்து வரும் அயனி சில அணுக்களை இடித்துத் தள்ளும், போகிற வழியெல்லாம் எலக்ட்ரான்களைக் கிளறிவிடும். பிணைப்புகள் அறுகின்றன. ஓர் ஆக்சிஜனை இழந்து மூன்றோடு நிற்கும் சிலிக்கானுக்கு ஈ-பிரைம் மையம் என்று பெயர். சுமார் 215 நானோமீட்டர் புற ஊதா ஒளியை அது விழுங்கும். பிணைப்பு அறுந்து ஒரு கை வெறுமனே தொங்கும் ஆக்சிஜனும் உண்டு. அதைத் தூண்டினால் 650 நானோமீட்டர் வாக்கில் சிவப்பாக ஒளிரும். இவை தனித்தனிக் காயங்கள். அதோடு வலையின் வடிவமே மாறுகிறது. மூன்று, நான்கு நான்முகிகள் சேர்ந்த சின்ன வளையங்கள் பெருகும், கோணம் குறுகும், கண்ணாடி சில சதவீதம் சுருங்கி இறுகும், ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று காட்டும் ஒளிவிலகல் எண் ஏறும். ஒளியைக் கடத்தும் மெல்லிய பாதைகளைக் கண்ணாடிக்குள்ளேயே அமைக்க இந்த ஏற்றம் உதவுகிறது.

இதே துண்டை மறுபடி காய்ச்சினால் சில நூறு டிகிரியிலேயே அறுந்த பிணைப்புகளில் பெரும்பகுதி கூடிவிடும், விழுங்கப்பட்ட புற ஊதா ஒளி திரும்ப ஊடுருவும். இறுகிய வலை அவ்வளவு சுலபத்தில் தளராது, அதற்கு இன்னும் பல நூறு டிகிரி ஏற வேண்டும். புண் ஆறிய பிறகும் வடு நிற்பதைப் போலத்தான். 'ஆறுதல்' என்று சொல்லும்போது இந்த இரண்டு கட்டமும் தானாகவே மனதில் வந்து நிற்கிறது.

ஆகவே என் தேர்வு 'காய்ச்சி ஆற்றுதல்'. 'காய்ச்சு' என்பதில் உருக்காமல் சூடேற்றும் பொருள் ஏற்கெனவே இருக்கிறது, பழுக்கக் காய்ச்சிய இரும்பு என்கிறோம் அல்லவா? சுருக்க வேண்டிய இடத்தில் 'ஆற்றுதல்' போதும். 'ஆற்றல்' என்று மட்டும் சுருக்கக் கூடாது, அயனியின் ஆற்றலைப் பேசும் அதே பத்தியில் குழப்பம் வந்துவிடும். வினையாக எழுதும்போது இன்னும் எளிது: 'கதிர் பாய்ச்சிய சிலிக்காவை 500 டிகிரியில் ஒரு மணி நேரம் ஆற்றினார்கள்.' இந்த வேலை செய்யப்படாத துண்டை 'ஆற்றாத கண்ணாடி' என்று சொல்லலாம். ஊதி வடித்த சாதாரணக் கண்ணாடிக் குடுவையை ஆற்றாமல் மேசையில் வைத்துவிட்டால், உள்ளே தங்கிய இழுவிசையால் யாரும் தொடாமலேயே விரிசல் விடும். ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் முனைவாக்கத் தகடுகள் இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிடித்து நடுவில் அதை வைத்துப் பார்த்தால் வானவில் பட்டைகள் தெரியும். ஆற்றிய குடுவையை அதே இடத்தில் வைத்தால் பட்டை எதுவும் இல்லாமல் இருட்டாகவே இருக்கும்.